தன்பாலினத் திருமணம்: முடிவு மாநிலத்தின் கையிலா, வாஷிங்டனின் கையிலா?

2025 நவம்பர் 10ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு மனுவை, காரணம் எதுவும் சொல்லாமல், விசாரணைக்கு எடுக்க மறுத்தது. மனுதாரர் கிம் டேவிஸ், கென்டக்கி மாநிலத்தின் ரோவன் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) திருமண உரிமம் தரும் கிளார்க்காக இருந்தவர். 2015இல் தன்பாலின இணையருக்குத் திருமண உரிமம் தர மறுத்து, நீதிமன்ற உத்தரவையும் மீறி, ஐந்து நாள் சிறையில் இருந்தார். பாதிக்கப்பட்ட இணையருக்கு இழப்பீடு தரும்படி வந்த தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தபோது, நாடு முழுவதும் தன்பாலினத் திருமணத்தைச் சட்டப்படி ஆக்கிய 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பையே ரத்து செய்யுங்கள் என்றும் கேட்டிருந்தார். நடக்கவில்லை.

இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் ஒரு வாக்கியமும் கூடவே வரும்: "திருமணம் மாநிலங்களின் விவகாரம், அவர்களிடமே விட்டுவிடுங்கள்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மாநில சுயாட்சிப் பேச்சைக் கேட்டே வளர்ந்த நமக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நியாயமாகப் படும். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்தச் சண்டை எதைப் பற்றியது என்றே புரியும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் 'திருமணம்' என்ற சொல்லே கிடையாது. மத்திய அரசுக்கு இன்னின்ன அதிகாரம் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாததெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று 1791இல் வந்த பத்தாவது திருத்தம் சொல்கிறது. ஆகவே யார் யாரை மணக்கலாம், எந்த வயதில், விவாகரத்து எப்படி என்பதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே மாநிலச் சட்டம்தான். உரிமம் தருவது கவுன்ட்டி அலுவலகம். வாஷிங்டனில் திருமணப் பதிவுக்கென்று ஒரு மத்திய அலுவலகம் இல்லை.

இந்திய ஏற்பாடு வேறு. இங்கே திருமணமும் விவாகரத்தும் பொதுப்பட்டியலில் இருக்கின்றன. நாடாளுமன்றமும் சட்டம் போடலாம், சட்டமன்றமும் போடலாம். இரண்டும் மோதினால் மத்தியச் சட்டம் நிற்கும். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துவிட்டால் மாநிலத் திருத்தம் அந்த மாநிலத்துக்குள் செல்லும். 1967இல் அண்ணா அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு வாங்கிக் கொடுத்தது இந்த வழியில்தான். அமெரிக்காவில் பொதுப்பட்டியல் என்ற ஒன்றே இல்லை. அதனால் அங்கே சண்டை நேராக அரசியலமைப்பின் வாசலுக்குப் போய்விடுகிறது.

மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் எவ்வளவு மாறும் என்பதற்கு நமக்கு உடனே புரியும் உதாரணம், மாமன் மகள். கலிஃபோர்னியாவில் மாமன் மகளையோ அத்தை மகனையோ சட்டப்படி மணக்கலாம். டெக்சாஸில் 2005க்குப் பிறகு அந்தத் திருமணத்துக்குத் தடை; முறைப்பெண் என்று நாம் சொல்லும் உறவு அங்கே குற்றவியல் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. டெக்சாஸில் உரிமம் வாங்கியபின் பொதுவாக 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நெவாடாவில் வாங்கிய கையோடு தாலி கட்டலாம். இதிலெல்லாம் மத்திய அரசு மூக்கை நுழைப்பதில்லை, நுழைக்க வேண்டும் என்று யாரும் கேட்பதும் இல்லை.

ஒரு கேள்வியா, நான்கா?

1. உரிமம் யார் தருவது? மாநிலம். இதில் தகராறு இல்லை.

2. ஒரு மாநிலத்தில் நடந்த திருமணத்தை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டுமா? ஒரு மாநிலத்தின் சட்டம், ஆவணம், தீர்ப்பு ஆகியவற்றுக்கு மற்ற மாநிலங்கள் முழு நம்பிக்கையும் மதிப்பும் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் நான்காவது பிரிவு சொல்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் இதைத் தீர்ப்புகளுக்குத்தான் கறாராகப் பொருத்தி வந்தன. திருமணச் சான்றிதழ் ஒரு தீர்ப்பு ஆகாது. "எங்கள் பொதுக்கொள்கைக்கு முரணானது" என்று சொல்லி ஒரு மாநிலம் விலகிக்கொள்ள இடம் இருந்தது.

3. மத்தியச் சட்டங்களைப் பொறுத்தவரை யார் தம்பதி? வருமான வரி, ஓய்வூதியம், ராணுவக் குடும்ப உதவி, விசா என்று எல்லாமே மத்திய அரசின் வேலை. கணவன் மனைவியா இல்லையா என்பதைப் பொறுத்து உரிமையோ சலுகையோ மாறும் மத்தியச் சட்டப் பிரிவுகளை 2004இல் ஓர் அரசுத் தணிக்கை அமைப்பு எண்ணிப் பார்த்தது: 1,138.

4. மாநிலங்கள் எதைச் செய்யவே கூடாது? அடிமை முறை ஒழிந்தபின் 1868இல் வந்த பதினான்காவது திருத்தம், எந்த மாநிலமும் முறையான சட்ட நடைமுறை இல்லாமல் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக்கூடாது, சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்கிறது. மாநில அதிகாரத்தின் கீழே போடப்பட்ட தரை இது. அதற்கும் கீழே யாரும் தோண்ட முடியாது.

"மாநிலங்களிடம் விடுங்கள்" என்பவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். எதிர்ப்பவர்கள் நான்காவதை வைத்துப் பேசுகிறார்கள். மக்களின் அன்றாட வாழ்க்கை மாட்டிக்கொண்டது இரண்டிலும் மூன்றிலும்தான்.

வாஷிங்டன் முன்பே தலையிட்ட கதைகள்

மத்திய அரசு திருமணத்தைத் தொட்டதே இல்லை என்பதும் சரியல்ல. யூட்டா பகுதியில் மார்மன் சமயத்தார் பலதார மணம் செய்துவந்தபோது காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், அதைத் தடை செய்தது. 1879இல் உச்ச நீதிமன்றமும் தடை செல்லும் என்றது. யூட்டா அப்போது மாநிலமாக இல்லாததால் காங்கிரஸின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1896இல் மாநிலத் தகுதி கிடைப்பதற்கு, பலதார மணத்தை என்றைக்குமாகத் தடை செய்கிறோம் என்று தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இதைவிட முக்கியமானது 1967ஆம் ஆண்டின் லவ்விங் வழக்கு. ரிச்சர்ட் லவ்விங் வெள்ளையர். மில்ட்ரெட் கறுப்பினப் பெண். வர்ஜீனியாவில் அவர்கள் மணக்க முடியாது என்பதால் 1958இல் வாஷிங்டன் நகரத்துக்குப் போய் மணந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். நள்ளிரவில் படுக்கையறைக்குள் ஷெரிஃப் வந்து கைது செய்தார். ஓராண்டுச் சிறை, 25 ஆண்டுகள் இருவரும் சேர்ந்து வர்ஜீனியாவுக்குத் திரும்பாமல் இருந்தால் தண்டனை நிறுத்திவைப்பு. திருமணம் மாநிலத்தின் அதிகாரம் என்பது வர்ஜீனியா அன்று வைத்த வாதங்களில் ஒன்று. அதிகாரம் மாநிலத்துக்குத்தான், ஆனால் அது பதினான்காவது திருத்தத்துக்கு உட்பட்டது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அன்று இன்னும் 16 மாநிலங்களில் இந்தத் தடை இருந்தது. இன்றைக்கு இதை மாநிலங்களிடமே விட்டிருக்க வேண்டும் என்று சொல்ல எந்தப் பெரிய அரசியல்வாதியும் தயாராக இல்லை.

தன்பாலின இணையர் விஷயத்தில் நீதிமன்றம் அப்போது அந்தத் துணிச்சலைக் காட்டவில்லை. மினசோட்டாவில் உரிமம் மறுக்கப்பட்ட இரண்டு ஆண்களின் வழக்கு 1972இல் வந்தபோது, இதில் மத்தியச் சட்டம் சார்ந்த கேள்வி எதுவும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது.

கட்சி மாறிய கொள்கை

இனி வருவதுதான் இந்தக் கதையின் சுவையான பகுதி. மாநில உரிமை என்ற கொடியை இரண்டு தரப்பும் மாறி மாறிப் பிடித்திருக்கின்றன.

1993இல் ஹவாய் மாநில உச்ச நீதிமன்றம், தன்பாலினத் திருமணத் தடைக்கு வலுவான காரணம் காட்டுங்கள் என்று மாநில அரசைக் கேட்டது. ஹவாயில் யாராவது மணந்துகொண்டு வந்தால் மற்ற மாநிலங்கள் ஏற்க வேண்டிவருமே என்ற பயம் கிளம்பியது. 1996இல் காங்கிரஸ் 'திருமணப் பாதுகாப்புச் சட்டம்' கொண்டுவந்தது. கீழவையில் 342க்கு 67, மேலவையான செனட்டில் 85க்கு 14. கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன். அந்தச் சட்டம் இரண்டு வேலை செய்தது: வேறு மாநிலத் தன்பாலினத் திருமணத்தை எந்த மாநிலமும் ஏற்கத் தேவையில்லை, மத்தியச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே. முதல் பாதி மாநில உரிமைபோலத் தெரியும். இரண்டாவது பாதியோ, ஒரு மாநிலம் தன் சட்டப்படி செய்துவைத்த திருமணத்தை வாஷிங்டன் செல்லாக்காசாக்குவது. அப்போதைக்கு இது ஏட்டுச் சட்டம். நாட்டில் எங்குமே அப்படி ஒரு திருமணம் நடக்கவில்லை.

2003 நவம்பரில் மாசச்சூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது. 2004 மே 17 முதல் அங்கே திருமணங்கள் நடந்தன. உடனே குடியரசுத் தலைவர் புஷ்ஷின் ஆதரவுடன், நாடு முழுவதும் தடை விதிக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 2004இலும் 2006இலும் முயற்சி நடந்தது. இரண்டு முறையும் செனட்டிலேயே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் "இதை மாநிலங்களிடம் விடுங்கள்" என்று குரல் கொடுத்தவர்களில் பலர் தன்பாலினத் திருமண ஆதரவாளர்கள். மாசச்சூசெட்ஸ் அரசே மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாவது திருத்தத்தை மீறுகிறது என்று 2010இல் ஒரு மத்திய மாவட்ட நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அந்தக் காரணம் நிலைக்கவில்லை, முடிவு மட்டும் நிலைத்தது. ஆனாலும் பழமைவாதிகளின் செல்லத் திருத்தத்தைத் தாராளவாத மாநிலம் ஒன்று ஆயுதமாக எடுத்த காட்சி அரிதானது.

2013இல் வின்ட்சர் வழக்கு. நியூயார்க்கில் வாழ்ந்த ஈடித் வின்ட்சரும் தியா ஸ்பையரும் 2007இல் கனடாவின் டொரன்டோவில் மணந்தவர்கள். 2009இல் ஸ்பையர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்துக்கு வின்ட்சர் கட்ட வேண்டியிருந்த மத்திய எஸ்டேட் வரி 3,63,053 டாலர். கணவன் இறந்து மனைவிக்குச் சொத்து வந்திருந்தால் வரி பூஜ்யம். நியூயார்க் அவர்களைத் தம்பதி என்றது, வாஷிங்டன் இல்லை என்றது. 5க்கு 4 என்ற கணக்கில், மத்திய வரையறை செல்லாது என்று தீர்ப்பு. அதை எழுதிய நீதிபதி கென்னடி, திருமணம் பாரம்பரியமாக மாநிலத்தின் களம் என்பதையும் சமத்துவத்தையும் ஒன்றாகப் பின்னியே காரணம் சொன்னார். இரண்டே ஆண்டுகளில் அதே நீதிபதி, மாநிலத் தடைகளையும் சேர்த்து உடைத்தார். அப்போது மாநில உரிமைக் கொடி மறுபடி பழைய கைகளுக்குப் போய்விட்டது.

இதை யார் நேர்மையற்றவர் என்று குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அரசியலில் 'யார் முடிவு செய்வது' என்ற கேள்வி பெரும்பாலும் 'என்ன முடிவு வர வேண்டும்' என்ற ஆசைக்குப் பின்னால்தான் நடந்துவருகிறது. அதனால் அந்த வாதத்தைச் சொல்பவர் யார் என்று பார்ப்பதைவிட, நான்கில் எந்தக் கேள்விக்கு அதைப் பொருத்துகிறார் என்று பார்ப்பது பயனுள்ளது.

மாநிலங்களிடம் விட்டபோது நடந்தது

2004 முதல் 2015 வரை அமெரிக்கா இதைக் கிட்டத்தட்ட மாநிலங்களிடம் விட்டே பார்த்தது. ஆகையால் ஊகிக்க வேண்டியதில்லை. நடந்ததைப் பார்த்தாலே போதும்.

1. வரி. 2013க்குப் பிறகு மத்திய வரித்துறை, திருமணம் நடந்த இடத்தின் சட்டத்தைப் பார்த்தது. ஜார்ஜியா மாநிலமோ ஏற்கவில்லை. அங்கே வாழ்ந்த இணையர் மத்திய வரிக்குத் தம்பதியாகவும் மாநில வரிக்குத் தனி ஆட்களாகவும் கணக்குக் காட்டினார்கள்.

2. ஓய்வூதியம். சோஷியல் செக்யூரிட்டி சட்டம் திருமணம் நடந்த இடத்தைப் பார்க்காமல், குடியிருக்கும் மாநிலத்தைப் பார்த்தது. ஆகவே குடிவரவுத் துறைக்கு அவர்கள் தம்பதி, கிரீன் கார்டு கிடைக்கும். ஓய்வூதியத் துறைக்கு அந்நியர்கள். இரண்டுமே ஒரே மத்திய அரசின் துறைகள்!

3. விவாகரத்து. மாசச்சூசெட்ஸில் மணந்துவிட்டு டெக்சாஸில் குடியேறியவர்கள் பிரிய நினைத்தபோது, திருமணத்தையே ஏற்காத மாநிலம் விவாகரத்து தர மறுத்தது. மாசச்சூசெட்ஸுக்குப் போனால், முதலில் இங்கே வந்து குடியிருங்கள் என்றது. சேர்ந்து வாழவும் முடியாது, சட்டப்படி பிரியவும் முடியாது.

4. மரணச் சான்றிதழ். ஒஹையோவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜான் ஆர்தருக்கு நரம்பு மண்டலத்தைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோய். 20 ஆண்டுக்கும் மேலாக உடன் வாழ்ந்த ஜிம் ஓபர்கெஃபெல், 2013 ஜூலையில் மருத்துவ விமானம் ஒன்றை அமர்த்தி அவரை மேரிலாண்டுக்குக் கொண்டுபோனார். விமான நிலைய ஓடுபாதை ஓரத்தில், விமானத்துக்குள்ளேயே, படுத்த படுக்கையாக இருந்தவருடன் திருமணம் நடந்தது. மூன்று மாதத்தில் ஆர்தர் இறந்தார். ஒஹையோவின் சட்டப்படி மரணச் சான்றிதழில் கணவர் பெயர் வரக்கூடாது. அந்த ஒரு கட்டத்தில் பெயர் எழுதுவதற்காகத் தொடுத்த வழக்குதான் 2015 ஜூன் 26ஆம் தேதித் தீர்ப்புக்குப் பெயர் கொடுத்தது.

திருமணத்தை ஓட்டுநர் உரிமத்தோடு ஒப்பிட்டால் சிக்கல் தெரியும். சாலை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம். ஆனால் எல்லையைத் தாண்டியதும் உங்களுக்கு வண்டி ஓட்டவே தெரியாது என்று யாரும் சொல்வதில்லை.

வாக்கா, வழக்கா?

2015 தீர்ப்பு 5க்கு 4. அன்று 37 மாநிலங்களில் தன்பாலினத் திருமணம் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நீதிமன்றங்களால் திறக்கப்பட்டவை. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் இதைத்தான் சுட்டினார்: மக்களின் வாக்காலும் சட்டமன்றங்களாலும் மாற்றியவை 11 மாநிலங்களும் தலைநகர்ப் பகுதியும் மட்டுமே. ஐந்து வக்கீல்கள் (பெரும்பான்மைத் தீர்ப்பு தந்த நீதிபதிகளைத்தான் அப்படிச் சொல்கிறார்) விவாதத்தை நடுவில் நிறுத்திவிட்டார்கள் என்பது அவருடைய ஆதங்கம்.

இந்த வாதத்தை எளிதாக ஒதுக்க முடியாது. கவனியுங்கள், இது மாநிலம் எதிர் மத்திய அரசு என்ற வாதம்கூட அல்ல. தன்பாலினத் திருமணத்தை அனுமதித்துக் காங்கிரஸே நாடு முழுவதற்கும் சட்டம் போட்டிருந்தால் அதற்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி எழுந்திருக்கும், ஆனால் அது வேறு கேள்வி. ராபர்ட்ஸ் கேட்பது, வாக்காளர் பேசி முடிக்க வேண்டியதை நீதிபதி ஏன் முடிக்கிறார் என்பது. மெய்ன் மாநிலத்தில் 2009இல் சுமார் 53 சதவீதம் பேர் தன்பாலினத் திருமணச் சட்டத்தை வாக்களித்து ரத்து செய்தார்கள். மூன்றே ஆண்டுகளில் அதே அளவினர் வாக்களித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மனம் மாறும், பொறுத்திருந்தால் நடக்கும் என்பதற்கு அது சான்று. காலப் கருத்துக்கணிப்பில் ஆதரவு 1996இல் 27 சதவீதம், 2023இல் 71.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2008 மே மாதம் மாநில நீதிமன்றம் அனுமதித்தது. நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு தடை செய்தது. இடைப்பட்ட மாதங்களில் மணந்த சுமார் 18,000 இணையர் மட்டும் தம்பதிகள், அடுத்த வாரம் தேதி வைத்திருந்தவர்கள் இல்லை. ஐயோவாவில் அனுமதித்த நீதிபதிகளில் மூவரை 2010 தேர்தலில் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பொறுமை என்ற ஆலோசனை, ஏஎல்எஸ் நோயாளிக்குச் சொல்லக்கூடியது அல்ல. என் பார்வையில் ராபர்ட்ஸின் வாதம் முதல் கேள்விக்கு, அதாவது ஒஹையோ தானே உரிமம் தர வேண்டுமா என்பதற்கு, கனமான பதில். இரண்டாவது கேள்வியில் அது வலுவிழக்கிறது. மேரிலாண்டில் சட்டப்படி நடந்த திருமணத்தை ஒஹையோ வாக்காளர் அழிப்பதை உள்ளூர் ஜனநாயகம் என்று சொல்வது கடினம்.

இந்தியாவிலும் இதே கேள்வி ஒருமுறை தலைகாட்டியது. 2023இல் தன்பாலினத் திருமண வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, திருமணம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலங்களையும் கேட்க வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. அக்டோபர் 17ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் செய்வது அடிப்படை உரிமை அல்ல, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம், சட்டமன்றங்களின் வேலை என்று விட்டுவிட்டது. அமெரிக்கா நீதிமன்றத்தில் முடித்ததை இந்தியா அவைக்குத் திருப்பி அனுப்பியது.

2022 சட்டம் என்ன செய்கிறது?

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பு அரசியலமைப்பு உரிமை அல்ல, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. நீதிபதி தாமஸ் தனியாக எழுதிய குறிப்பில் 2015 திருமணத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். அந்தப் பயத்தில் பிறந்தது 'திருமண மதிப்புச் சட்டம்'. செனட்டில் 61க்கு 36, கீழவையில் 258க்கு 169. 2022 டிசம்பர் 13 அன்று பைடன் கையெழுத்திட்டார்.

இந்தச் சட்டத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். எந்த மாநிலத்தையும் தன்பாலின இணையருக்கு உரிமம் கொடு என்று இது சொல்லவில்லை. முதல் கேள்வியை அப்படியே மாநிலத்திடம் விட்டுவிட்டு, இரண்டையும் மூன்றையும் மட்டும் கையில் எடுக்கிறது: நடந்த இடத்தில் செல்லுபடியான திருமணத்தை மத்திய அரசு ஏற்க வேண்டும், பிற மாநிலங்கள் பாலினத்தையோ இனத்தையோ காரணம் காட்டி மறுக்கக்கூடாது. சமய அமைப்புகள் திருமணத்தை நடத்திவைக்க வேண்டியதில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். நான்காவது கேள்வி காங்கிரஸின் கையில் இல்லை, அது நீதிமன்றத்துடையது.

நாளை 2015 தீர்ப்பு கவிழ்ந்தால்

1. திருமணம் மாநிலச் சட்டத்துக்குத் திரும்பும். சுமார் 30 மாநிலங்களின் சட்டப் புத்தகத்திலோ அரசியலமைப்பிலோ பழைய தடை இன்னும் அழிக்கப்படாமல் கிடக்கிறது. அவை உயிர் பெற வாய்ப்பு உண்டு. கலிஃபோர்னியா, கொலராடோ, ஹவாய் ஆகிய மூன்றும் 2024 நவம்பர் வாக்கெடுப்பில் தங்கள் அரசியலமைப்பிலிருந்த பழைய வாசகங்களை நீக்கியது இந்தக் கணக்கில்தான்.

2. ஏற்கெனவே நடந்த திருமணங்களுக்கு 2022 சட்டம் கவசம். வரி, விசா, ஓய்வூதியம் ஆகியவற்றில் 1996 நிலைமை திரும்பாது, காங்கிரஸ் அந்தச் சட்டத்தையே ரத்து செய்யாதவரை.

3. புதிதாக மணப்பவர்கள் பயணம் போக வேண்டியிருக்கும். டெக்சாஸின் எல் பாசோவில் இருக்கும் இணையர், தடை திரும்பினால், நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் வரை சுமார் 70 கிலோமீட்டர் காரில் போய் உரிமம் வாங்கி மணந்து, மாலைக்குள் வீடு திரும்பலாம். டெக்சாஸ் அதை ஏற்றாக வேண்டும். காரும் விடுமுறையும் இல்லாதவர்களுக்கு அந்த 70 கிலோமீட்டர் நீளும்.

4. ஏற்க மறுக்கும் மாநிலம் ஒன்று, இப்படிக் கட்டாயப்படுத்த காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டா என்று வழக்குப் போடலாம். நான்காவது பிரிவின் இரண்டாவது வாக்கியம், ஒரு மாநிலத்தின் ஆவணத்துக்கு மற்ற இடங்களில் என்ன விளைவு என்பதைக் காங்கிரஸ் சட்டத்தால் வகுக்கலாம் என்கிறது. அந்த வாக்கியம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைச் சொல்ல வேண்டியது மறுபடியும் அதே ஒன்பது பேர்தான்.